அடி என்னுடையது, காயம் உன்னுடையது: எழுத்துச் சண்டையில் மூன்று பேர் பட்ட அனுபவங்கள்

எழுத்து ரோல்ப்ளே என்றால் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, இணையத்தில் மாறி மாறிப் பதிவு போட்டுக் கதை வளர்ப்பது. அதில் என் முதல் சண்டை இரண்டே பதிவில் முடிந்தது. முதல் பதிவு நான் போட்டது. இரண்டாவதில் நான் செத்துவிட்டேன்.

என் பாத்திரம் கோட்டை வாயிலில் நிற்கும் ஒரு காவலாள். எதிரே வந்தவள் கூலிக்கு வாள் வீசுபவள். அவளை எழுதியவர் ரொம்ப நாளாக இருப்பவர், எழுத்தும் அருமையாக இருக்கும். ‘ஈட்டியைக் குறுக்கே நீட்டி வழிமறித்தான்’ என்று நான் ஒரு வரி போட்டேன். பதிலுக்கு ஆறு பத்தி வந்தது. ஈட்டி ஒடிந்தது, என் முழங்கால் முறிந்தது, நான் அலறினேன், கெஞ்சினேன், கடைசியில் கழுத்தில் கத்தி இறங்கியது. செத்ததுகூடப் பரவாயில்லை. கெஞ்சியதுதான் பொறுக்கவில்லை. இரண்டு மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவன் அவன். கெஞ்சுகிற ஆளே இல்லை.

கதையை நடத்துபவரிடம் முறையிட்டபோதுதான் இதற்கெல்லாம் பெயர் இருப்பதே தெரிந்தது. அடுத்தவர் பாத்திரத்தை நம் இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பது பவர்கேமிங். நம் பாத்திரத்துக்கு எதுவுமே ஆகாது என்று எழுதுவது காட்மோடிங். இடத்துக்கு இடம் இந்த இரண்டு சொல்லும் மாறி மாறிப் புழங்கும், அதற்காக ஒரு தனிச் சண்டை வேண்டாம். அந்தப் பதிவு நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கச் சொன்னார். தொடங்கினோம்.

அப்புறம் நான் செய்ததுதான் வெட்கக்கேடு. இனி எவரும் என்மேல் கைவைக்க முடியாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். குனிந்தான், விலகினான், கேடயத்தால் தடுத்தான், கடைசி நொடியில் உருண்டான். ஒன்பது அடி வந்தது, ஒன்றும் படவில்லை. பத்தாவது அடிக்கு முன்னால் எதிராளி கதைக்கு வெளியே வந்து, அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்வி போட்டார்: “உங்கள் ஆளுக்கு உடம்பு இருக்கிறதா, இல்லை வெறும் புகையா?”

விதியை நான் மீறவில்லைதான். என் பாத்திரத்துக்கு நேர்வதை மட்டும்தானே எழுதினேன்? ஆனால் முதல் நாள் எனக்கு நேர்ந்தது அன்று அவருக்கு நேர்ந்திருந்தது. அவர் எழுதிய எதுவும் கதைக்குள் ஒட்டவே இல்லை.

அன்று இரவு என் பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துப் படித்தேன். ஒன்று உறைத்தது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். சண்டையில் நியாயமும் அநியாயமும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. தோளை நோக்கி வாளை ‘ஓங்கினாள்’, ‘வீசினாள்’ என்றால் முயற்சி. தோளை ‘வெட்டினாள்’, ‘பிளந்தாள்’ என்றால் முடிவு. முடிவை எழுத வேண்டியவர் தோளுக்குச் சொந்தக்காரர். இப்போதெல்லாம் பதிவை அனுப்பும் முன்னால் கடைசிச் சொற்களை மட்டும் ஒரு ஓட்டம் பார்த்துவிடுகிறேன். ‘வெட்டினாள்’ இருந்தால் ‘வெட்டப் பாய்ந்தாள்’ ஆகிவிடும். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்துகிற நேரம்தான் ஆகும்.

அடியில் ஓர் ஓட்டை விடவும் பழகிக்கொண்டேன். ‘முழு வேகத்தில் வீசியதில் அவனுடைய இடது விலா திறந்து கிடந்தது’ என்று எழுதினால் எதிராளிக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கும். வாங்கும் பக்கத்தில், மூன்று அடி வந்தால் ஒன்றாவது படட்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு. பட்டது அடுத்த பதிவிலும் வலிக்க வேண்டும். மணிக்கட்டு முறிந்தவன் நாலு வரி கழித்து வில்லை நாணேற்றுவதை எத்தனை தடவை படித்திருப்பேன்!

*

மேலே எழுதியவர் சொல்வது இரண்டு பேர் சண்டைக்குச் சரி. நாங்கள் ஆறு பேர்.

பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் நாங்களும் தொடங்கினோம். ஆறு பேருக்கும் அவரவர் ஆள்தான் பெரிய வீரன். பல பேர் சேர்ந்து எழுத்தாலேயே ஆடும் கணினி விளையாட்டுக்கு மட் என்று பெயர், முதல் மட் 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. அந்த வகை விளையாட்டில் அடி பட்டதா இல்லையா என்பதை நிரலே சொல்லிவிடும், தகராறுக்கு இடமில்லை. எங்களுக்கு அப்படி ஒரு நடுவர் இல்லாததால் பகடையைக் கொண்டுவந்தோம். இருபது முகப் பகடையை இருவரும் உருட்ட வேண்டும், பெரிய எண் ஜெயிக்கும், தேர்ந்த வீரருக்கு 3 கூடுதல்.

முதல் நாளே குதிரை லாயத்துப் பையன் படைத்தலைவியை மூன்று உருட்டில் இரண்டு முறை கீழே தள்ளினான். படைத்தலைவியை எழுதியவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். எங்களுக்காகப் பகடை உருட்டிய பாட், அதாவது தானாக இயங்கும் நிரல், கோளாறு என்று எல்லோரும் சொன்னோம். எனக்கு உறுத்தலாகவே இருந்ததால் காகிதத்தில் கணக்குப் போட்டேன். மொத்தம் 400 சேர்க்கைகள், அவற்றில் 136இல் 3 கூடுதல் இல்லாதவர் ஜெயிக்கிறார். 34 சதவீதம்! பாட் பாவம், நாங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. பத்து வருடம் போர்க்களத்தில் இருந்தவளை மூன்றில் ஒரு தடவை லாயத்துப் பையன் சாய்க்கலாம் என்று நாங்களே விதி எழுதி வைத்திருந்தோம்.

பிறகு ஆளுக்கு இரண்டு ஆறு முகப் பகடை என்று மாற்றினோம், அதே 3 கூடுதல். இப்போது 1296 சேர்க்கைகளில் 206தான் பையனுக்கு, 16 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு பகடையின் கூட்டுத்தொகை ஏழை ஒட்டியே அதிகம் விழும் என்பதால் அந்த 3க்கு எடை கூடிவிடுகிறது. கணக்கை அனுப்பியதும் படைத்தலைவி திரும்பி வந்துவிட்டார்.

பகடையால் தீராத ஒன்று இருந்தது, தூக்கம். மூன்று பேர் சண்டையில் ஒருவர் தூங்கப் போனார். மற்ற இருவரும் விழித்திருந்ததால் நாலு சுற்று ஓட்டிவிட்டார்கள். அவர் காலையில் எழுந்து பார்த்தால் அவருடைய வில்லாளி கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், சுற்றிலும் பகைவர்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, கை வேகம் அப்படி. இப்போது சுற்றுக்கு ஆளுக்கு ஒரு பதிவுதான். 48 மணி நேரத்தில் ஒருவர் வராவிட்டால் அவர் பாத்திரம் தற்காப்பில் நிற்கும், கதை அவரைத் தாண்டிப் போகும். ஆள் இல்லாதபோது யாரையும் கொல்வதில்லை.

*

மூன்றாவதாக நான். என் தப்பு வேறு மாதிரி. எதிராளி தன் பாத்திரத்தின் மனதில் ஓடுவதையும் எழுதுவார். கத்தி முனையில் நஞ்சு தடவியிருக்கிறாள், அது யாருக்கும் தெரியாது என்று ஒரு பத்தி. அடுத்த பதிவில் என் ஆள் ‘ஏனோ’ அந்தக் கத்தியை மட்டும் ஒரு முழம் தள்ளியே வைத்துச் சண்டை போட்டான். அந்த ‘ஏனோ’ என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எழுதுகிறவனுக்குத் தெரிந்தது பாத்திரத்துக்கும் தெரிந்துவிடுகிற இதற்கு மெட்டாகேமிங் என்று பெயர்.

அவர் திட்டவில்லை. மனதில் ஓடுவதை எழுதுவதையே நிறுத்திவிட்டார். அவர் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

‘வெறும் எழுத்துதானே, இதற்குப் போய் வருத்தமா’ என்று கேட்பவர்களுக்கு லாம்டாமூ என்ற, எழுத்தாலேயே ஆன இணைய உலகத்தில் நடந்து 1993இல் வெளியே தெரியவந்த விவகாரத்தைச் சொல்வேன். அங்கே ஒருவர் வூடூ பொம்மை என்ற நிரலை வைத்து, மற்றவர்களின் பாத்திரங்கள் செய்யாதவற்றைச் செய்ததாகத் திரையில் எழுதிக் காட்டினார், அதுவும் மிகக் கொடூரமாக. திரையில் இருந்தது எழுத்து மட்டும்தான். பாதிக்கப்பட்டவர்களின் வேதனை நிஜம். கடைசியில் அவருடைய கணக்கையே நீக்கினார்கள்.

நஞ்சுக்காரியோடு எனக்கு மறுபடி சண்டை வாய்க்க எட்டு மாதம் ஆனது. இந்த முறை முன்கூட்டியே பேசிக்கொண்டோம்: சாவு வேண்டாம், உறுப்பு போக வேண்டாம், தழும்பு இருக்கலாம், ஜெயிப்பது யார் என்பதை மட்டும் திறந்து வைப்போம். ஏழாவது சுற்றில் அவள் கத்தியை என் முகத்தை நோக்கி வீசினாள். தடுக்க நீட்டிய இடது உள்ளங்கையில் அது இறங்கியது என்று நானே எழுதினேன். முனையில் ஏதாவது தடவியிருக்கிறதா என்பது இந்த முறை எனக்கும் தெரியாது. மூன்று நாளாக அவருடைய பதிவுக்குக் காத்திருக்கிறேன்.