பழைய ஃபோர் வீல் ஜீப், சில்க் போர்டு டிராஃபிக்: பிரேக் பத்தி ஒரு உதவி

வணக்கம் மக்களே, நான் பெங்களூர் அல்சூர்ல இருக்கேன். அப்பா ஓட்டுன 1994 மாடல் டீசல் ஜீப் இப்போ என்கிட்ட இருக்கு, நாலு கியர், பவர் ஸ்டீயரிங் இல்ல, நாலு வீல்லயும் டிரம் பிரேக்தான். இத விக்க மனசே வரல, ஆனா தினம் சில்க் போர்டு ஜங்ஷன் வழியா எலக்ட்ரானிக் சிட்டி போய்ட்டு வர்றதுக்குள்ள பயமா இருக்கு.

முன்னாடி போற புது கார் டிஸ்க் பிரேக், ஏபிஎஸ்னு டக்குனு நின்னுடுது, நான் கேப் விட்டா உடனே ஒரு ஆட்டோ வந்து நுழைஞ்சிடுது, அழுத்தி மிதிச்சா வண்டி இடது பக்கமா இழுக்குது. டிரம்ம கழட்டி பாத்தேன், இடது பக்க ஷூ (டிரம்முக்குள்ள உரசி வண்டிய நிறுத்துற பாகம்) காஞ்சுதான் இருக்கு, வலது பக்க ஷூல கருப்பா கிரீஸ் பிசுபிசுன்னு ஒட்டியிருக்கு. ஹப் சீல் (வீல் நடுவுல இருந்து கிரீஸ் கசியாம தடுக்குற வளையம்) போயிருக்கும்னு நினைக்கிறேன், சீலோட ரெண்டு பக்க ஷூவும் சேத்து மாத்தணுமா?

போன வாரம் மழைல கிரிப்புக்காக ஃபோர் வீல் டிரைவ் (நாலு வீலுக்கும் இன்ஜின் பவர் போறது) போட்டேன், கொஞ்ச தூரத்துல ரோடு காஞ்சிருந்துச்சு, யூ டர்ன்ல ஸ்டீயரிங் இறுகிடுச்சு, ஃபோர் வீல் லீவரும் வெளிய வரல. சென்டர் டிஃபரன்ஷியல் (முன் வீலும் பின் வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) இல்லாத வண்டில காஞ்ச தார் ரோட்ல அத போடவே கூடாதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்ததும் லூசாயிடுச்சு.

முன்னாடி டிஸ்க் மாத்துனவங்க யாராச்சும் இருக்கீங்களா? பூஸ்டரும் (லேசா மிதிச்சாலே பிரேக் நல்லா பிடிக்க உதவுறது) சேத்து போட்டீங்களா, எஃப்சில (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் டெஸ்ட்ல) பிரச்சன வந்துச்சா? ஜேசி ரோடு பக்கம் பழைய ஜீப் நல்லா தெரிஞ்ச மெக்கானிக் இருந்தா சொல்லுங்கண்ணா, ரொம்ப உதவியா இருக்கும்.