பீட்டரின் வைரப் பதக்கங்கள்: கௌரவமா, கூலியா?

நாணயச்செல்வன்:
1708இல் லெஸ்னாயாவில் ஸ்வீடன் தளபதி லெவன்ஹாப்ட் கொண்டுவந்த தளவாட வண்டிகளை ரஷ்யப் படை மடக்கியது. அதற்காக ரஷ்ய ஜார் முதலாம் பீட்டர் அடிக்கவைத்த தங்கப் பதக்கங்கள் 1140. எடை 1 டுகாட் முதல் 14 டுகாட் வரை. டுகாட் என்பது அக்காலப் பொற்காசு, ஒன்று ஏறத்தாழ 3.5 கிராம். பெரிய அதிகாரிக்குக் கனமானது, சின்னவருக்கு லேசானது. பழைய ஜார்கள் போருக்குப் பின் பொற்காசு கொடுத்த வழக்கம்தான் இது. பதவி பார்த்து எடைபோட்டுக் கொடுப்பதற்குப் பெயர் கூலி. உயரதிகாரிகள் சிலருக்குக் கிடைத்த, பீட்டரின் வைரம் பதித்த உருவப்படம் அதே ஏணியில் மேல்படி.

பீரங்கிவாசி:
உருவப்படத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவே முடியாது. நடுவில் இருப்பது எனாமல் ஓவியம், அதாவது உலோகத்தின் மேல் கண்ணாடிப் பொடியைச் சுட்டு உருக்கிய ஓவியம். உருக்கினால் ஒன்றும் தேறாது. வேலையோ கடுமையானது. தங்கம் அல்லது செம்புத் தகட்டைச் சற்றே குவித்து, இரு பக்கமும் எனாமல் பூசிச் சுட வேண்டும். பின்பக்கம் பூசாவிட்டால், ஆறும்போது உலோகம் கூடுதலாகச் சுருங்கித் தகடு வளையும், முகத்தில் விரிசல் ஓடும். பிறகு நிறங்கள்: அதிகச் சூடு கேட்பது முதலில், குறைவாகக் கேட்பது கடைசியில். ஒவ்வொரு முறை சூளைக்குள் போகும்போதும் அதுவரை செய்த அத்தனையும் பாழாகலாம். கூலி கொடுப்பவர் இவ்வளவு பாடுபடுவாரா?

நாணயச்செல்வன்:
சுற்றியுள்ள வைரங்களை விட்டுவிட்டீர்கள். அவை வெள்ளிக் கூட்டில் விளிம்பு மடித்துக் கட்டியவை. விளிம்பை நிமிர்த்தினால் கல் கையோடு வந்துவிடும். ஓவியத்தை வைத்துக்கொண்டு கல்லை விற்கலாம்.

கோட்டைச்சுவர்:
இங்கிலாந்தையும் பாருங்கள். 1650இல் தளபதி க்ரோம்வெல் டன்பாரில் ஸ்காட்லாந்துப் படையை வென்றதற்கு நாடாளுமன்றம் பதக்கம் கொடுத்தது. தங்கத்திலும் வெள்ளியிலும் சிறிய நீள்வட்டம், கல் எதுவும் இல்லை. செதுக்கியவர் தாமஸ் சைமன். தன் முகம் வேண்டாம், ஒரு பக்கம் நாடாளுமன்றமும் மறுபக்கம் படையும் இருக்கட்டும் என்று க்ரோம்வெல்லே எழுதினார். நாடாளுமன்றம் அதைக் கேட்கவில்லை, அவர் முகமே வந்தது. வெறும் கூலிக்கு யார் முகம் என்று யாரும் கடிதம் எழுத மாட்டார்கள்.

பீரங்கிவாசி:
அதுதான் விஷயம். 1709இல் பொல்தாவாவில் ஸ்வீடனை வென்றதற்குப் பீட்டர் சிப்பாய்களுக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கம் ரூபிள் அளவு, தொங்கவிட வளையம் இல்லாமல் வந்தது. வளையத்தை அவரவரே பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. விற்பதற்கு வளையம் எதற்கு? மார்பில் தெரிவதற்குத்தான்.

நாணயச்செல்வன்:
சிப்பாய் விஷயம் வேறு, நான் பேசுவது அதிகாரிகளைப் பற்றி. அவர்கள் பதக்கத்தின் எடையை நிர்ணயித்தது பதவி, களத்தில் செய்த செயல் இல்லை. வீரத்துக்கான கௌரவம் என்றால், முதலில் பாய்ந்த லெப்டினென்ட்டுக்கு அந்த 14 டுகாட் பதக்கம் போயிருக்க வேண்டும்.