சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரை: மறக்க முடியாத ஒரு சம்பவம் இருந்தால் சொல்லுங்கள்

தூக்கணாங்குருவி:

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. புரோஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் எடுத்துக்கொண்டிருக்கிறார். சளி பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்ததால், எல்லோரும் வாங்கும் அந்த மூன்று மருந்து கலந்த மாத்திரையை வாங்கிப் போட்டார். காலையில் ஒன்று, இரவு ஒன்று. ஒழுகுவது நின்றது, நன்றாகத் தூங்கினார். விடியற்காலையில் பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "வரமாட்டேங்குதுப்பா" என்றார். அடிவயிறு கல் மாதிரி இருந்தது.

அவசரப் பிரிவில் டியூப் போட்டார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். பையில் யூரின் இறங்க இறங்க, அதுவரை என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்த அவர் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஒரு லிட்டருக்கு மேல் வந்தது.

ஆனால் என்னை இன்றுவரை உறுத்துவது வேறு. ஃபைலைத் திறப்பதற்கு முன்பே டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சளிக்கு ஏதாவது மாத்திரை போட்டாரா?" என்பதுதான். அப்படியென்றால் இது அவர்கள் அடிக்கடி பார்க்கிற விஷயம். மாத்திரை அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஒழுகுவதை நிறுத்தும் குளோர்பெனிரமின் சிறுநீர்ப்பை சுருங்கும் பலத்தைக் குறைக்கும், மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் வகை மருந்துகள் பையின் கழுத்தை இறுக்கும் என்றார். அப்பா தினமும் போடும் டாம்சுலோசினின் வேலையே அந்தக் கழுத்தைத் தளர்த்துவதுதான். ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் பூட்டியிருக்கிறோம். மருந்து விற்றவர் வயதையும் கேட்கவில்லை, வேறு என்ன மாத்திரை போடுகிறார் என்றும் கேட்கவில்லை. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

வண்டிக்காரன்:

யூரின் பிரச்சினை இல்லை, தூக்கம். இரவில் கனரக வண்டி ஓட்டும் வேலை எனக்கு. கூட வந்தவருக்குத் தும்மல் நிற்கவே இல்லை, ஒரு அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். சாலையின் நடுக்கோடு மெதுவாக வண்டிக்கு அடியில் வந்தது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது! கோட்டைப் பார்த்துக்கொண்டே அதன்மேல் ஏறிக்கொண்டிருந்தார். தோளில் தட்டியதும், "என்ன, சரியாத்தானே போறேன்" என்றார்.

அந்தப் பதில்தான் எனக்குப் பயம். தூக்கம் வந்தால் நிறுத்திவிடுவேன் என்று எல்லோரும் சொல்கிறோம். பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகளில் கண் சொக்குவதற்கு முன்பே கவனமும் கையின் வேகமும் குறைந்துவிடுகிறது, போட்டவருக்கே அது தெரிவதில்லை. இரவு போட்டது காலைவரை மிச்சம் இருக்கும். கொஞ்சம் குடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

சேது_க:

எல்லோரும் மாத்திரைமேல் பழி போடுவது சரியில்லை. குளோர்பெனிரமின் பல காலமாக உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஒவ்வாமை என்றால் நான் அதைத்தான் போடுகிறேன், எனக்கு எதுவும் ஆனதில்லை.

தூக்கணாங்குருவிக்கு ஒரு விஷயம். வாய்வழி போடும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்கு வேலையே செய்வதில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அமைத்த ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் 16-0 என்று ஒருமனதாக வாக்களித்தது. 2024 நவம்பரில், அடைப்பு நீக்கும் மருந்துகளின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடலாம் என்று எஃப்.டி.ஏ.வே முன்மொழிந்தது. குடலிலும் கல்லீரலிலுமே பெரும்பகுதி சிதைந்துபோகிறது, ரத்தத்துக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். மூக்கையே திறக்காத மருந்து சிறுநீர்ப்பையை எப்படிப் பூட்டும்? உங்கள் அப்பாவுக்குப் புரோஸ்டேட் பிரச்சினை ஏற்கெனவே இருந்தது. அது தானாகவே அடைத்திருக்கலாம் அல்லவா?

மருந்துக்கட்டு:

சேது அவர்களே, நான் மருந்தாளுநர். ஃபினைலெஃப்ரின் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு தப்பு. எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது, புரோஸ்டேட் எச்சரிக்கை இன்னும் மருந்துப் பெட்டியில் இருக்கிறது. அதை விட்டுவிடுவோம். அந்த மாத்திரையில் குளோர்பெனிரமினும் இருந்ததே! புரோஸ்டேட் வீங்கிய ஒருவருக்கு அது ஒன்றே போதும். முதியவர்களுக்குக் குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகளைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் தெளிவாகவே சொல்கிறது. சிறுநீர் அடைப்பு மட்டும் இல்லை, மலச்சிக்கல், மனக்குழப்பம், தடுமாறி விழுவது எல்லாம் அதில் அடக்கம். உங்களுக்கு ஒன்றும் ஆகாததற்கு உங்கள் வயதும் உங்கள் உடம்பும் காரணம். அதை எழுபது வயதுக்காரருக்கு அளவுகோலாக வைக்க முடியாது.

என் அனுபவம் இது. காய்ச்சலோடு ஓர் இளம்பெண் வந்தார், சளி மாத்திரை தீர்ந்துவிட்டது, இன்னொரு அட்டை வேண்டும் என்றார். வேறு என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டதும் பையிலிருந்து எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வைத்தார். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, படுக்கும்போது வெந்நீரில் கலந்து குடிக்கும் பொடி. மூன்றுக்கும் மூன்று பெயர், மூன்று நிறம். பேனாவைக் கொடுத்து, பின்பக்கத்தில் பாராசிட்டமால் என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வட்டம் போடச் சொன்னேன். மூன்றாவது வட்டத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் அப்படியே நின்றுவிட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 650 மி.கி. காய்ச்சல் மாத்திரை நான்கு வேளை, அது 2600. சளி மாத்திரையில் 500, மூன்று வேளை, அது 1500. பொடியில் இன்னொரு 650. மொத்தம் 4750 மி.கி. பெரியவர்களுக்கே ஒரு நாளின் உச்சவரம்பு 4000. மெலிந்த உடம்பு, சரியாகச் சாப்பிடாதது, தினசரிக் குடி, கல்லீரல் நோய் என்று ஏதாவது இருந்தால் அதற்கும் கீழேதான் நிறுத்த வேண்டும். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்றார். அதுதான் இதில் இருக்கும் ஆபத்து. பாராசிட்டமால் அளவு மீறினால் முதல் நாள் பெரிதாக எதுவுமே தெரியாது. லேசான குமட்டல் இருக்கலாம், அதையும் காய்ச்சல் என்றுதான் நினைப்போம். கல்லீரல் அடிவாங்குவது வெளியே தெரிவதற்குள் ஓரிரு நாள் போய்விடும். மாற்றுமருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். ஒரே வேளையில் அளவு மீறிப் போட்டிருந்தால் 8 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும்போதுதான் அதன் பலன் முழுதாகக் கிடைக்கிறது. அதனால் வலி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நல்லவேளை, கல்லீரலுக்கு எதுவும் ஆகவில்லை.

சில நாடுகளில் இதே மருந்தை அசிட்டமினோஃபென் என்று அச்சிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த டப்பா வீட்டில் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

நிலா அம்மா:

குழந்தைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். தோழியின் மூன்று வயது மகனுக்குச் சளி. நீண்ட பயணம், பையன் தூங்கினால் போதும் என்று யாரோ சொன்ன டைஃபென்ஹைட்ரமின் சிரப்பைக் கொடுத்தார்கள். நாங்களும் அதே வண்டியில் இருந்தோம். பையன் தூங்கவில்லை. நள்ளிரவில் சீட்டில் ஏறி நின்று, கண்ணாடியைப் பார்த்து யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது, இதயம் படபடவென்று அடித்தது. கூப்பிட்டால் திரும்பவே இல்லை. அவன் அம்மா அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

சில குழந்தைகளுக்கு இந்த மருந்து தூக்கத்துக்குப் பதிலாக ஆட்டத்தைக் கொடுக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். கொடுத்த அளவும் கூடுதல். வீட்டு ஸ்பூனில் ஊற்றியிருந்தார்கள். ஸ்பூன் என்று நாம் சொல்வதில் 3 மி.லி.யும் பிடிக்கும், 7 மி.லி.யும் பிடிக்கும். மருந்தோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோதான் அளக்க வேண்டும். அதோடு, சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே பெயரில் இருந்தாலும் அடர்த்தி வேறாக இருக்கலாம். சொட்டு மருந்தைச் சிரப் அளவில் ஊற்றினால் பல மடங்கு போய்விடும்.

2 வயதுக்குக் கீழே கடையில் வாங்கும் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்று எஃப்.டி.ஏ. 2008-லேயே எச்சரித்தது. அங்கே தயாரிப்பாளர்களே 4 வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள் என்று அச்சிடுகிறார்கள். குழந்தையைத் தூங்க வைக்க மருந்து கொடுப்பதை யாராவது யோசனையாகச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

ஈரக்காற்று:

என் கணவருக்கு மூக்கு ஸ்பிரே. ஆக்ஸிமெட்டாசோலின். ஒரு ராத்திரி மின்சாரம் போயிருந்தது. இருட்டில் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்க வெச்சே, எங்க வெச்சே" என்று குழந்தை மாதிரி கேட்டார். சளி போய்ப் பல வாரம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் இது சளி இல்லை, ஸ்பிரேவே மூக்கை அடைக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், இதில் மாட்டியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த ஸ்பிரே மூக்கின் ரத்தக்குழாய்களைச் சுருக்கித்தான் வழி திறக்கிறது. மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்து இறங்கும்போது குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கிக்கொள்ளும். மறுபடி அடிப்பீர்கள், மறுபடி வீங்கும். எங்கள் காது மூக்கு தொண்டை மருத்துவர் சொன்ன வழி இது. முதலில் ஒரு பக்க மூக்கில் மட்டும் நிறுத்தச் சொன்னார். மறுபக்கம் திறந்திருப்பதால் தூங்க முடியும். நிறுத்திய பக்கம் சரியானதும் அடுத்த பக்கம். கூடவே ஃபுளூட்டிகசோன் ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். அது ஸ்டீராய்டு, ஆனால் மூக்கோடு நிற்கிற சிறிய அளவு. அடித்ததும் திறக்காது, முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். பலர் இரண்டாம் நாளே ‘இது வேலை செய்யவில்லை’ என்று பழைய பாட்டிலுக்குப் போய்விடுவார்களாம். அடிக்கும்போது நடுத்தண்டை நோக்கி அடிக்காமல், வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு என்று வெளிப்பக்கமாகச் சாய்த்து அடித்தால் ரத்தம் கசிவது குறையும். உப்புநீரால் கழுவுவதும் நல்லது, ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள், கொதிக்க வைத்து ஆற்றியது மட்டும். பச்சைத் தண்ணீரில் இருக்கக்கூடிய அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அப்புறம், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் உள்ள மாத்திரைக்கு மாறிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது அழுத்தத்தை ஏற்றும். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் சிரப்பை டாக்டரிடம் கேட்காமல் குடிக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் உடம்பில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் ஆபத்தான அளவுக்கு எகிறிவிடலாம்.

கணவர் இப்போது நன்றாக இருக்கிறார்.

மணல்வீடு:

சுருக்கமாக. அலர்ஜிக்கு நீண்ட காலம் தினமும் செட்டிரிசின் போட்டு வந்தேன். நிறுத்திய சில நாளில் உள்ளங்கையிலிருந்து உச்சந்தலைவரை அரிப்பு. தோலில் தடிப்பு ஒன்றுமே இல்லை, ஆனால் சீப்பை எடுத்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தேன். அலர்ஜி திரும்பிவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 2025 மே மாதம் எஃப்.டி.ஏ. இதைப் பற்றியே எச்சரிக்கை விட்டது. செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் இரண்டையும் நீண்ட நாள் எடுத்து நிறுத்தினால் சிலருக்குக் கடும் அரிப்பு வருமாம். அபூர்வம்தான். டாக்டர் மறுபடி ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைத்தார், சரியாகிவிட்டது.

வண்டிக்காரன்:

மருந்துக்கட்டு ஐயா, வண்டி ஓட்டுகிறவன் அலர்ஜிக்கு என்னதான் போடுவது? செட்டிரிசின் தூக்கம் தராது என்கிறார்கள்.

மருந்துக்கட்டு:

பழையவற்றைவிடக் குறைவு, ஆனால் சிலருக்குச் செட்டிரிசினும் தூக்கம் தரும். ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் போவது மிக மிகக் குறைவு. அதைத் தண்ணீரோடு போடுங்கள். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் சாறோடு போட்டால் உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும். எதுவானாலும் முதல் மாத்திரையை வண்டி எடுக்காத நாளில் போட்டுப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், முதலில் கேளுங்கள்.

இன்னொன்று. மூச்சுத்திணறல், நாக்கு வீக்கம், மயக்கம் என்று வந்தால் எந்த அலர்ஜி மாத்திரையையும் நம்பி உட்காராதீர்கள். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, உடனே அவசரப் பிரிவு.

சேது_க:

தூக்கணாங்குருவி, உங்கள் அப்பா விஷயத்தில் நான் சொன்னதை எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்துக்கட்டு எழுதியது நியாயம். மருந்து பழையது என்பதாலேயே ஆபத்து என்று முடிவு கட்டக் கூடாது என்பதில் மட்டும் நான் மாறவில்லை. அவர் இப்போது எப்படி இருக்கிறார்?

தூக்கணாங்குருவி:

டியூபை எடுத்துவிட்டார்கள், தானாகவே போகிறது. சளி வந்தால் உப்புநீர் சொட்டு, காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் தனியாக, அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் போடும் எல்லா மருந்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அவர் பர்ஸிலேயே வைத்துவிட்டேன். மருந்துக்கட்டு, ஒரு கேள்வி. அம்மாவுக்குக் கண்ணில் க்ளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய். அவருக்கும் இந்த மாத்திரை ஆகாதா?

மருந்துக்கட்டு:

எந்த வகை என்பதைப் பொறுத்தது. கோணம் குறுகலான வகை என்றால் குளோர்பெனிரமின் கூடவே கூடாது, கண்பாவை விரிந்து கண்ணின் அழுத்தம் திடீரென்று ஏறிவிடலாம். கோணம் திறந்த வகைக்கு அபாயம் குறைவு. கண் மருத்துவரிடம் வகையைக் கேட்டு அதையும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் பையில் வையுங்கள். அதுவரை கொடுக்க வேண்டாம். சளி மாத்திரை போட்டபின் கண்வலி, பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வளையம் என்று எது தெரிந்தாலும் விடியட்டும் என்று பார்க்காமல் கூட்டிப்போய்விடுங்கள்.