இரண்டாம் வருட உயிரியல்: லீவில ஆய்வுப் பயிற்சி எங்க கேக்கலாம்?

வன்னிமகள்:
வவுனியா பல்கலைக்கழகம், பம்பைமடு. அடுத்த லீவில ரெண்டு மாசம் ஆய்வுகூடத்திலயோ வெளிக்களத்திலயோ வேலை பழக வேணும். கொழும்பில தங்க வசதியில்லை. வெளிநாட்டுத் திட்டங்களுக்கு இப்பவே போடலாமா?

நாத்துமேடை:
கொழும்பை விடுங்கோ தங்கச்சி. அறிவியல்நகரில யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம், கிளிநொச்சியிலயே விவசாயத் திணைக்களத்தின்ர பிராந்திய ஆராய்ச்சி நிலையம். ‘ஏதும் வாய்ப்பு இருக்கா’ எண்டு எழுதினால் பதில் வராது. விரிவுரையாளரின்ர கட்டுரை ஒண்டை வாசிச்சு, அதில எந்த வேலை உங்களுக்கு வரும் எண்டு எழுதுங்கோ: வித்து முளைதிறன் சோதனை, அகர் தட்டு (நுண்ணுயிர் வளர்க்கிற தட்டு) ஊத்துறது, எக்செலில தரவு ஏத்துறது. 150 சொல்லுக்குள்ள. வரக்கூடிய திகதிகள் கட்டாயம். ஒரு பக்க சிவியும் பெறுபேறும் ஒரே பிடிஎஃப்பில. பத்துப் பேருக்கு ஒரே மெயிலை சிசி போடாதேங்கோ, மற்றவர் பாப்பார் எண்டு எல்லாரும் விட்டிடுவினம்.

குளக்கட்டு:
வெளிக்களம் எண்டால் அனுமதிதான் முதல் தடை. சுண்டிக்குளம், மடு வீதி தேசிய பூங்காக்கள், வங்காலைச் சரணாலயம் எதுக்குள்ளயும் ஆய்வு செய்ய வனஜீவராசிகள் திணைக்கள அனுமதி வேணும். ஒரு லீவுக்குள்ள அது வருமெண்டு நம்பாதேங்கோ. ஏற்கெனவே அனுமதி எடுத்தவரோட சேருங்கோ. இல்லாட்டி ஊர்க்குளத்து மிதவையுயிர்களை (தண்ணியில மிதக்கிற நுண்ணிய உயிர்கள்) எடுங்கோ, கமக்காரர் அமைப்பிட்ட மட்டும் முதலே சொல்லி வையுங்கோ.

20 லீற்றர் தண்ணியை 55 மைக்ரோன் வலையால வடிச்சு 50 மில்லிலீற்றராக்குங்கோ. மிதவையுயிர் கெடாமல் இருக்க லூகோல் அயடீன் கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டு, வெளிறின தேத்தண்ணி நிறம் வந்ததும் நிப்பாட்டுங்கோ. இருட்டில வையுங்கோ, வெளிச்சத்தில அயடீன் வெளுத்து மாதிரி பழுதாகும். எப்பவும் ஒரே நேரத்தில எடுங்கோ. விலங்கு மிதவையுயிர் பகலில ஆழத்துக்கு இறங்கும். ஒரு குளத்தில காலமையும் மற்றதில மத்தியானமும் எடுத்தால் குளத்தின்ர வித்தியாசமோ நேரத்தின்ர வித்தியாசமோ எண்டு தெரியாது. மழை பெய்த கையோட எடுக்காதேங்கோ, மண்டி வலையை அடைக்கும்.

தூரதேசி:
வெளிநாட்டுக்குப் போட முன்னம் தகைமைப் பந்தியை வாசியுங்கோ. ஜெர்மனியில ஆய்வுப் பயிற்சி தாற டாட் ரைஸ் (DAAD RISE) திட்டம் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்தில படிக்கிறவைக்கு. இந்திய விஞ்ஞானக் கழகங்களின்ர கோடைகால ஃபெலோஷிப் இந்தியாவில படிக்கிறவைக்கு. ஜப்பானில ஒகினாவாவில இருக்கிற ஓஐஎஸ்டி (OIST) ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்கு எந்த நாட்டாரும் போடலாம், விமானச் சீட்டும் தங்குமிடமும் அவை தருவினம். ஆனா பரிந்துரைக் கடிதம் கேப்பினம். உங்கட கைவேலையைப் பாத்த ஆள் எழுதினாத்தான் அதுக்குப் பெறுமதி. அதால இந்த லீவு கிளிநொச்சி, ஒகினாவா பிறகு.

வன்னிமகள்:
நன்றி அண்ணா. உள்ளூரில காசு தருவினமோ?

நாத்துமேடை:
பெரும்பாலும் இல்லை, பஸ் காசும் சாப்பாடும் உங்கட கையால. முதல் நாளே ரெண்டைக் கேளுங்கோ: முடிவில கடிதம் தருவினமோ, தரவு பிரசுரமானா உங்கட பெயர் எங்க வரும்.