நடப்பதற்கும் அக்கம்பக்கத்துப் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

கேள்வி:
வணக்கம். மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்த நான், மணமாகி வந்த பிறகு பழைய மாமல்லபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். அங்கே பூ வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதற்குள் நாலு பேராவது நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். இங்கே வளாகத்துக்குள் தினமும் காலையில் நடந்தும் எதிர்வீட்டாரின் பெயர்கூடத் தெரியவில்லை. நடப்பதால் உறவு வளரும் என்பது உண்மைதானா?

மறுமொழி 1:
உண்மைதான் சகோதரி. நகர வடிவமைப்புப் பேராசிரியர் டொனால்டு ஆப்பிள்யார்டு, 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் அருகருகே உள்ள மூன்று தெருக்களை ஆராய்ந்தார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் செல்லும் தெருவில், ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்களும் 6.3 அறிமுகமானவர்களும் இருந்தார்கள். சுமார் 16,000 வண்டிகள் ஓடிய தெருவில் அந்த எண்ணிக்கை 0.9, 3.1 எனச் சுருங்கிவிட்டது. இரைச்சல் மிகுந்த தெருவில் இருந்தவர்கள் வாசலைத் தங்கள் இடமாகக் கருதுவதையே விட்டிருந்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்திய செய்தி. அயர்லாந்தின் கால்வே நகரைப் பற்றி 2003இல் வெளிவந்த ஆய்வும், கடைகண்ணிக்கு நடந்தே போகக்கூடிய பகுதிகளில் வசிப்பவர்கள் அண்டை அயலாரைக் கூடுதலாக அறிந்திருப்பதைக் காட்டியது.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால், மனிதர்களோடு பழக விரும்புகிறவர்களே அத்தகைய தெருக்களைத் தேடிக் குடிவருகிறார்களோ என்ற ஐயத்தை இவ்வாய்வுகள் முழுமையாகத் தீர்ப்பதில்லை.

என் கருத்தில், எதற்காக நடக்கிறோம் என்பதே முக்கியம். உடற்பயிற்சிக்காகக் காதில் இயர்போனுடன் வளாகத்தைச் சுற்றுபவர் நிற்க மாட்டார். வேலையாக நடப்பவரோ நின்றே ஆகவேண்டும்: இஸ்திரி வண்டிக்காரர் கடைசிச் சட்டையை மடித்து முடிக்கும் வரை பக்கத்தில் காத்திருப்பவரிடம், "உங்கள் பெண்ணுக்குப் பரீட்சை முடிந்ததா?" என்று கேட்காமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? மார்கழி விடியலில் கோலம் போடுபவரும் பால் வாங்கப் போகிறவரும் பேசிக்கொள்வது இவ்வாறுதான். எல்லாமே வீட்டு வாசலுக்கு வந்துசேரும்போது இந்தக் காத்திருப்பு இல்லாமற் போகிறது.

மறுமொழி 3:
நடைபாதையையும் மறக்க வேண்டாம். நடை, மிதிவண்டி போன்ற மோட்டார் சாராப் போக்குவரத்துக்கான கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014லேயே ஏற்றது. பாண்டி பஜாரில் 2019இல் அகன்ற நடைபாதை திறக்கப்பட்ட பிறகு, முதியவர்கள் அங்கே அமர்ந்து பேசுவதை இன்றும் காணலாம். குடியிருப்புத் தெருக்களிலோ மின்பெட்டியும் நிறுத்திவைத்த வண்டிகளும் வழியை அடைத்துக்கொள்வதால், முழங்கால் வலியுள்ளவர்கள் வெளியே வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

சகோதரி, உங்கள் வளாகத்தில் கடைத்தெருப் பக்கம் பின்வாசல் ஒன்று பூட்டிக் கிடந்தால், காலையும் மாலையும் அதைத் திறந்துவைக்கும்படி சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்.