லண்டன் ப்ளூ-ரே டிஸ்க் நம்ம ப்ளேயர்ல ஓடலை, உதவி தேவை

தோட்டத்துப்பையன்: வணக்கம், நான் மலேசியா, சுங்கை சிப்புட். லண்டன்ல இருக்கிற அண்ணன் அப்பாவுக்காக ஒரு விலங்குப் படம் ப்ளூ-ரேல அனுப்பியிருக்காரு. போட்டா கொஞ்ச நேரம் சுத்துது, அப்புறம் ‘ரீஜன் தப்பு’ன்னு திரையில வருது. அதே பார்சல்ல வந்த தமிழ்ப்பட டிவிடி நல்லா ஓடுது. டவுன் கடையில லென்ஸ் அழுக்குங்கிறாங்க. நம்பலாமா?

ஈப்போ ரிப்பேர்: லென்ஸ் கிளீனருக்குக் காசைக் கொட்டாதீங்க தம்பி. அழுக்கா இருந்தா டிஸ்க்கைப் படிக்கவே திணறும். ரீஜன்னு சொல்லுதுன்னா ஒழுங்கா படிச்சிட்டுத்தான் முடியாதுங்குது. உறைக்குப் பின்னால அறுகோணக் கட்டத்துல என்ன எழுத்து?

தோட்டத்துப்பையன்: ‘பி’. டிவிடி உறையில உருண்டைக்குள்ள ‘ஆல்’.

ஈப்போ ரிப்பேர்: அதான் விஷயம். ப்ளூ-ரேக்கு உலகத்தை மூணு ரீஜனா, அதாவது பகுதியா, பிரிச்சிருக்காங்க. ஒரு பகுதிக்குப் பூட்டுப் போட்ட டிஸ்க் அந்தப் பகுதி ப்ளேயர்லதான் ஓடும். மலேசியா, ஜப்பான், அமெரிக்கா எல்லாம் ஏ. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா பி. இந்தியா, சீனா சி. டிவிடிக்கு வேற கணக்கு: நாம 3, இங்கிலாந்து 2, இந்தியா 5. உங்க தமிழ்ப்படத்துக்குப் பூட்டே போடலை.

கூலிம் குமரன்: லேப்டாப்ல போட்டு ரீஜனை மாத்திடுங்க லா.

ஈப்போ ரிப்பேர்: லேப்டாப்ல இருக்கிறது வெறும் டிவிடி டிரைவ்னா ப்ளூ-ரே ஓடவே ஓடாது. அது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், இதுக்கு 405 ஊதா வேணும். டிவிடி ரீஜனையும் 5 தடவைதான் மாத்த விடும், கடைசியா வச்சதுலயே நின்னுடும்.

தோட்டத்துப்பையன்: ரிமோட்ல ஏதோ நம்பர் அடிச்சா திறக்கும்னு சொல்றாங்களே?

ஈப்போ ரிப்பேர்: நிறைய மாடல்ல திறக்கும், ஆனா பெரும்பாலும் டிவிடி பக்கம் மட்டும். ‘மல்ட்டி ரீஜன்’னு விக்கிற ப்ளேயர்லயும் இதே கூத்துதான். புதுசா வாங்கினா அந்த பி டிஸ்க்கைக் கையோட எடுத்துட்டுப் போய், கடையிலேயே ஓட்டிப் பாத்துட்டு ரிங்கிட்டை எடுங்க.

பந்திங் அக்கா: எதுக்குச் செலவு? அண்ணன்கிட்ட பழைய ப்ளேயர் இருந்தா கொண்டாரச் சொல்லுங்க. அங்கேயும் நம்ம மூணு கால் பிளக்குதான், கரண்ட்டும் ஒத்துக்கும். எச்டிஎம்ஐ சொருகினா போதும். எங்க வீட்ல டிவிக்குக் கீழ ரெண்டு ப்ளேயர் இருக்கு. மாமா ரிமோட்டைக் குழப்பிக்கிறாருன்னு லண்டன் ரிமோட்டுல சிவப்பு டேப் சுத்தி வச்சிருக்கேன்.

ஈப்போ ரிப்பேர்: அக்கா சொல்றதுதான் மலிவான வழி. ஆனா அதுல நம்ம ஊரு ஏ டிஸ்க் ஓடாது, இப்ப இருக்கிறதை யாருக்கும் கொடுத்துடாதீங்க. இனிமே 4கே டிஸ்க் அனுப்பினா ரீஜன் தொல்லை இல்லை, ஆனா 4கே ப்ளேயர் வேணும். கூடவே வர்ற சாதா ப்ளூ-ரேல பூட்டு இருக்கலாம்.

தோட்டத்துப்பையன்: அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். அலமாரியில ஒன்னு சும்மா கிடக்காம், தீபாவளிக்கு வரும்போது கொண்டாராரு. ரிமோட்டையும் மறக்காம வைக்கச் சொல்லிட்டேன். நன்றிக்கா, நன்றிண்ணே.