குடும்ப குரூப்பில் குளோசே

[ஞாயிறு, இரவு 8.12]

சுதா சித்தி: 📹 நம்ம நிகில் இன்னிக்கு அபார்ட்மென்ட் மேட்ச்ல அடிச்ச கோல்! எல்லாரும் பாருங்க

பாட்டி: 👏👏👏 கண்ணு படப் போகுது, சுத்திப் போடு

ரவி மாமா: சுதா, கடைசியில கொஞ்சம் நிறுத்திப் பாரு. பந்து கையில பட்டுல்ல உள்ள போகுது 😄

நிகில்: ரெஃப்ரியே விட்டுட்டாரு மாமா

ரவி மாமா: இத்தாலியில நேபிள்ஸ்லயும் ரெஃப்ரி விட்டுட்டார்டா. 2012 செப்டம்பர். லாசியோ கிளப்புக்கு ஆடின ஜெர்மனி ஸ்ட்ரைக்கர் குளோசே, கையில பட்டு கோல். அவரே போய்ச் சொல்லி கேன்சல் பண்ண வெச்சார். எதிர் டீம்காரங்க வந்து கை குடுத்தாங்க

நிகில்: ஜெயிச்சாங்களா?

ரவி மாமா: அது வந்து... 3-0 தோத்தாங்க. மூணும் எதிர் டீம் கவானி அடிச்சது

நிகில்: 🤣🤣🤣

கார்த்தி: குளோசே சும்மா கோல் வாசல்ல நின்னு தட்டி விடற ஆளு மாமா

ரவி மாமா: 2002 உலகக் கோப்பையில அஞ்சு கோலும் தலையால. அதுவும் தட்டி விட்டதா?

கார்த்தி: அதுல மூணு சவுதிக்கு. அந்த மேட்ச் 8-0 😏

ரவி மாமா: சரி, விடு. 2006ல 5, 2010ல 4, 2014ல 2. உலகக் கோப்பையில மொத்தம் 16 கோல், யாரைத் தாண்டினார்? பிரேசில் ரொனால்டோவை. அதுவும் பிரேசில்லயே, ஜெர்மனி பிரேசிலை 7-1னு அடிச்ச அந்த 2014 செமிஃபைனல்ல. முதல் ஷாட்டை பிரேசில் கோல்கீப்பர் ஜூலியோ சீசர் தடுத்துட்டார். பந்து திரும்பி வர்ற இடத்துல 36 வயசு ஆளு ரெடியா நிக்கறார். ரொனால்டோ அதே ஸ்டேடியத்துல டிவிக்குப் பேசிட்டு இருந்தார், பாவம்

கார்த்தி: குளோசே ஜெர்மனிக்கு 137 மேட்ச்ல 71 கோல். அந்தக் கால ஜெர்மனி ஸ்ட்ரைக்கர் கெர்ட் முல்லர் 62 மேட்ச்லயே 68 அடிச்சுட்டார் மாமா

ரவி மாமா: முல்லரை இழுக்காத. குளோசே கோல் போட்ட ஒரு மேட்ச்லகூட ஜெர்மனி தோத்ததில்ல, அதைச் சொல்லு

பாட்டி: எந்த ஊர்ப் பையன்?

ரவி மாமா: பொறந்தது போலந்தும்மா. சின்னப் பையனா ஜெர்மனி வந்தப்போ அந்த பாஷையில ரெண்டே வார்த்தைதான் தெரியுமாம். தச்சு வேலை கத்துக்கிட்டவர். 20 வயசு வரைக்கும் ஏழாவது டிவிஷன்ல ஊர் கிளப்புக்கு ஆடினார்

பாட்டி: தச்சு வேலையா? நம்ம பூஜை ரூம் கதவு மழையில உப்பி சாத்தவே வரமாட்டேங்குது

ரவி மாமா: அவர் கோச் ஆயிட்டாரும்மா 🙏

நிகில்: அம்மா அந்த வீடியோவ எடுத்துடு

சுதா சித்தி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாட்டி: ஏன்டி எடுத்துட்ட? நான் இன்னும் பாக்கவே இல்லையே